மியூசிக் சாஃப்ட்வேரில் புதிய வெர்ஷனுக்கு மாறலாமா? மதுரைப் பக்கத்து சின்ன ஸ்டூடியோக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செல்லூரிலும் ஒத்தக்கடையிலும் திருப்பரங்குன்றத்திலும் வீட்டு மாடியில் ஒரு அறையை ஸ்டூடியோவாக்கி வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாமி பாட்டு, திருவிழாப் பாட்டு, மைனஸ் ட்ராக் (பாடகர் குரல் இல்லாத இசை மட்டும்), குறும்படத்துக்குப் பின்னணி இசை என்று ஒரே கம்ப்யூட்டரில் எல்லாம் ஓடும். அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு நாள் படுத்தால் வருமானமும் படுத்துவிடும். அதனால் "புது வெர்ஷன் வந்திருக்கு, போட்டுரலாமா?" என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

என் கணக்கில் அது ஒரு கேள்வியும் இல்லை, மூன்று கேள்விகள். புதியதை வாங்கலாமா? வாங்கியதை இன்ஸ்டால் செய்யலாமா? நடக்கிற வேலையை அதற்கு மாற்றலாமா? மூன்றுக்கும் பதில் வெவ்வேறு மாதத்தில் வரலாம். தள்ளுபடியில் இன்று வாங்கிவிட்டு, மூன்று மாதம் கழித்து இன்ஸ்டால் செய்து, அடுத்த பாட்டை மட்டும் அதில் தொடங்குவதில் ஒரு தப்பும் இல்லை. மூன்றையும் ஒரே ராத்திரியில் செய்வதுதான் ஆபத்து.

படி 1: உங்கள் வேலையில் எது இடிக்கிறது?

கம்பெனி போடும் அறிமுக வீடியோவைப் பார்க்கும் முன் ஒரு தாளை எடுங்கள். கடைசியாக முடித்த பத்து வேலைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் எங்கே நேரம் போனது என்று பக்கத்தில் குறியுங்கள். கோரஸ் பாடியவர்களை ஒரே சீராக அடுக்கவா? க்ளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் சத்தம்) இல்லாமல் வாசித்த உறுமியையும் பம்பையையும் டெம்போவுக்குள் கொண்டுவரவா? ட்ராக் கூடக்கூட கம்ப்யூட்டர் திணறியதா? அதன் பிறகு புதிய வெர்ஷனின் அம்சப் பட்டியலைத் திறந்து, உங்கள் தாளில் உள்ள எதையாவது அது தீர்க்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. முடிந்த பாட்டிலிருந்து குரலையும் தாளத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி எஃப்.எல். ஸ்டூடியோவில் 2023-இல் 21.2 வெர்ஷனோடு வந்தது. லாஜிக் ப்ரோவில் 2024-இல் 11-ஆம் வெர்ஷனோடு வந்தது. பழைய கேசட் பாட்டைக் கொண்டுவந்து "இதுக்கு மைனஸ் வேணும்" என்று கேட்பவர்கள் வாரம் ஒருவர் உங்களிடம் வந்தால், இது நியாயமான காரணம். வருடத்துக்கு ஒருவர் வந்தால், அதற்கென்று உள்ள தனி சாஃப்ட்வேரில் முடித்துக் கொடுத்துவிடலாம். அதேபோல ஏபிள்டன் லைவ் 12-இல் ஸ்வரங்களின் இடைவெளியை நாமே அமைக்கும் ட்யூனிங் வசதி உண்டு. நாதஸ்வரத்தோடு சிந்த்தை ஒட்ட வைக்கப் பாடுபடுகிறவருக்கு அது பெரிய விஷயம். மற்றவர்களுக்கு வெறும் மெனு.

அடிக்கடி க்ராஷ் ஆகிறது என்பதுதான் காரணம் என்றால், முதலில் உங்களிடம் இருக்கும் வெர்ஷனின் கடைசி இலவச அப்டேட்டைப் போடுங்கள். பலரும் முதல் நாள் டவுன்லோடு செய்ததையே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்; அதன் பிறகு வந்த திருத்தங்களை எடுத்ததே இல்லை. பணம் கட்டாமலேயே பாதித் தொல்லை இதில் தீரும்.

படி 2: லைசென்ஸ் எந்த வகை?

எஃப்.எல். ஸ்டூடியோ வாங்கியவருக்கு வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம். லாஜிக் ப்ரோவை ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் ஒரு முறை வாங்கியவர்களுக்கும் 2013 முதல் இன்றுவரை அப்டேட்டுக்குத் தனிக் காசு இல்லை. ரீப்பரில் ஒரு லைசென்ஸ் இரண்டு பெரிய வெர்ஷன்களுக்குச் செல்லும். 7-இல் வாங்கினால் 8 முடியும் வரை கவலையில்லை. க்யூபேஸும் ஏபிள்டன் லைவும் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் அப்கிரேடு கட்டணம் வாங்கும். சந்தா முறையில் எடுத்த ப்ரோ டூல்ஸ் போன்றவற்றில் பணம் நின்றால் வேலையும் நிற்கும்.

இலவசமாக அப்டேட் கிடைக்கிறவர்கள்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். காசு போகாததால் யோசிக்காமல் பொத்தானை அழுத்திவிடுவோம். கட்டணம் இல்லாவிட்டாலும் கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அவர்களுக்கும் பொருந்தும்.

பழைய க்யூபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. 2022-இல் வந்த க்யூபேஸ் 12 முதல் யு.எஸ்.பி. டாங்கிள் (லைசென்ஸைத் தாங்கி, கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் குச்சி) தேவையில்லை. டாங்கிளை நிர்வகித்து வந்த இ-லைசென்சர் சேவை 2025 மே 20-இல் மூடப்பட்டுவிட்டது. டாங்கிளில் ஏற்கெனவே உள்ள லைசென்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் குட்டிக் குச்சி உடைந்தாலோ தொலைந்தாலோ மீட்க வழியில்லை. க்யூபேஸ் 11-லோ அதற்கு முந்தையதிலோ பிழைப்பு நடத்துகிறவர்கள் அம்சங்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே மாறுங்கள்.

க்ராக் போட்டு வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. க்ராக் வெர்ஷனுக்கு மேல் இன்னொரு க்ராக் வெர்ஷன் போடுவது அப்கிரேடு ஆகாது. அதில் என்ன வைரஸ் ஒளிந்திருக்கிறது, எந்த நாளில் திறக்காமல் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாடகர் மைக் முன்னால் நிற்கும்போது அது தெரியவந்தால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. ரீப்பரின் சலுகை லைசென்ஸ் 60 டாலர். அதில் ஆண்டுக்கு 20,000 டாலருக்குள் சம்பாதிக்கிறவர்கள் தொழிலே செய்யலாம். வாங்கும் முன் 60 நாள் முழுதாகப் போட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள். புது க்ராக் தேடும் நேரத்தில் அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கலாம்.

படி 3: கம்ப்யூட்டர் தாங்குமா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 போட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். புதிய வெர்ஷன்கள் ஒவ்வொன்றாக விண்டோஸ் 11-ஐக் கேட்கத் தொடங்கும்போது, சாஃப்ட்வேர் அப்கிரேடு என்று ஆரம்பித்தது மதர்போர்டில் போய் முடியும். டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் விலை கேட்கும் முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

மேக்கில் வேறு மாதிரி. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் ஓ.எஸ். வெர்ஷனோடு 32-பிட் ப்ளகின்கள் (மியூசிக் சாஃப்ட்வேருக்குள் போட்டுக்கொள்ளும் எஃபெக்ட், வாத்தியச் சாஃப்ட்வேர்கள்) முடிந்துபோயின. 2020 கடைசியில் எம்1 சிப் வந்தபின், இன்டெலுக்கு எழுதிய பழைய ப்ளகின்கள் ரோசட்டா என்ற இடைச்செயலி வழியாக ஓடுகின்றன. மேக் ஓ.எஸ். 27 வரைதான் அதற்கு முழு ஆதரவு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. லாஜிக்கில் குரல் பிரிக்கும் வசதியும் ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் மட்டுமே வேலை செய்யும்.

மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸை மறக்க வேண்டாம். அதன் கம்பெனி கடைசியாக எந்த ஆண்டில் ட்ரைவர் வெளியிட்டது, எந்த விண்டோஸுக்கு வெளியிட்டது என்று பாருங்கள். ட்ரைவர் நின்றுபோன பழைய இன்டர்ஃபேஸ் இருந்தால், ஓ.எஸ். மாற்றம் கேட்கும் எந்த அப்கிரேடையும் தள்ளிப்போடுங்கள்.

படி 4: ப்ளகின் கணக்கு

பெரும்பாலான அப்கிரேடு இங்கேதான் சிக்குகிறது. இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

சென்ற ஓராண்டு ப்ராஜெக்டுகளில் உண்மையாகவே பயன்படுத்திய ப்ளகின்களை மட்டும் எழுதுங்கள். இன்ஸ்டால் ஆகியிருக்கும் முந்நூறையும் எழுத வேண்டாம். பெரும்பாலோருக்கு இருபதைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். 64-பிட்டா? ப்ளகின் வடிவம் வி.எஸ்.டி. 2-ஆ, அதற்கு அடுத்து வந்த வி.எஸ்.டி. 3-ஆ? லைசென்ஸ் எங்கே இருக்கிறது: டாங்கிளிலா, ஆன்லைன் கணக்கிலா, கணினியிலேயேவா? செய்த கம்பெனி இன்னும் நடக்கிறதா?

32-பிட் ப்ளகின் என்றால் அதை இழந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏபிள்டன் 10-ஆம் வெர்ஷனோடு 64-பிட்டுக்கு முழுதாக மாறிவிட்டது; க்யூபேஸ் 9-இலேயே மாறிவிட்டது. வி.எஸ்.டி. 2 இப்போது கதவருகில் நிற்கிறது. க்யூபேஸைச் செய்யும் ஸ்டைன்பெர்க் 2022 ஜனவரியில் தன் சாஃப்ட்வேர்களிலிருந்து அதைப் படிப்படியாக விலக்கப்போவதாக அறிவித்தது. ஆப்பிள் சிப் மேக்கில் நேட்டிவாக (ரோசட்டா இல்லாமல் நேரடியாக) ஓடும் க்யூபேஸில் வி.எஸ்.டி. 2 ஏற்கெனவே திறக்காது. பத்தாண்டுக்கு முன் யாரோ இலவசமாகக் கொடுத்த ஒரு ரிவெர்ப் உங்கள் எல்லா அம்மன் பாட்டிலும் இருக்கலாம். அது வி.எஸ்.டி. 2-ஆக மட்டும் இருந்தால், புதிய வெர்ஷனில் அந்தப் பாட்டுகள் எல்லாமே வேறு சத்தம் கொடுக்கும்.

வாத்தியங்களின் பதிவு செய்த சத்தங்களை வாசிக்க உதவும் கான்டாக்ட் என்ற ப்ளகின் தனிக் கதை. தவில், நாதஸ்வரம், தபலா என்று நாம் நம்பியிருக்கும் லைப்ரரிகள் பல அதற்குள்தான் இருக்கின்றன. புதிய கான்டாக்டில் சேமித்ததைப் பழைய கான்டாக்ட் திறக்காது. கான்டாக்ட் 7 முதல் வி.எஸ்.டி. 2 வடிவமும் கிடையாது. ஆக, சாஃப்ட்வேரையும் கான்டாக்டையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, அது நிலைத்தபின் மற்றது. இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டால், கோளாறு வரும்போது யார் மேல் சந்தேகப்படுவது என்றே தெரியாது.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஓடும்", "அப்டேட் வேண்டும்", "போய்விடும்" என்று எழுதுங்கள். "போய்விடும்" என்ற வரியில் உங்கள் முக்கியமான சத்தம் ஒன்று நின்றால், அதற்கு மாற்று கண்டுபிடிக்கும் வரை இந்த அப்கிரேடு வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

படி 5: யாரோடு ஃபைல் பரிமாறுகிறீர்கள்?

புதிய வெர்ஷன் பழைய ப்ராஜெக்டைத் திறக்கும். பழையது புதியதைத் திறக்காது, திறந்தாலும் எல்லாம் வராது. எஃப்.எல்., ஏபிள்டன் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். நீங்கள் ப்ரோகிராம் செய்து கோரிப்பாளையத்தில் இருக்கும் நண்பருக்கு ப்ராஜெக்டாகவே அனுப்புகிற பழக்கம் இருந்தால், அவரிடமும் கேட்டுவிட்டு மாறுங்கள். சென்னையில் மிக்ஸுக்கு அனுப்புகிறவர்கள் ஸ்டெம்களாகத்தான் (ஒவ்வொரு ட்ராக்கும் தனி ஆடியோ ஃபைலாக) அனுப்புவார்கள். அவர்களுக்கு இது தடையே இல்லை. வெவ்வேறு சாஃப்ட்வேர்களுக்கு இடையே ப்ராஜெக்டை எடுத்துச்செல்ல 2023-இல் பிட்விக்கும் ஸ்டுடியோ ஒன்னும் சேர்ந்து டாப்ராஜெக்ட் என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தன. நல்ல முயற்சி, ஆனாலும் ஸ்டெமை விட நம்பகமானது எனக்கு எதுவும் இல்லை.

படி 6: முழுச் செலவு

தளத்தில் 100 டாலர் என்று போட்டிருந்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 118 ஆகலாம். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு உங்கள் கார்டு 3.5 சதவீதம் எடுத்தால் 122-ஐத் தாண்டும். அதோடு "அப்டேட் வேண்டும்" என்று எழுதிய ப்ளகின்களின் கட்டணத்தையும் கூட்டுங்கள். வந்த தொகையை, அதே காசில் உங்கள் அறைக்குச் செய்யக்கூடிய இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். வெளியே ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தால் பாடுகிறவர் டேக்கில் அது விழுகிற அறை என்றால், கதவுக்கும் சுவருக்கும் செலவு செய்வது எந்த வெர்ஷனையும் விடப் பலன் தரும்.

இரண்டு சலுகைகளைக் கவனியுங்கள். நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி பெரும்பாலான கம்பெனிகளிடம் உண்டு. அதோடு, புதிய வெர்ஷன் வருவதற்குச் சற்று முன் பழையதை வாங்கி ஆக்டிவேட் செய்தவர்களுக்குப் புதியதை இலவசமாகத் தரும் வழக்கம் ஸ்டைன்பெர்க் போன்ற கம்பெனிகளுக்கு உண்டு. அந்தத் தேதிகளை வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

படி 7: பழையதைப் பத்திரப்படுத்துதல்

நம் ஊர் வேலையில் பழைய ப்ராஜெக்ட் திரும்பி வரும். "அண்ணே, போன வருசம் போட்ட பாட்டுல ஊர்ப் பேர மட்டும் மாத்திக் குடுங்கண்ணே" என்று பங்குனிப் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருவர் வருவார். "பாடகருக்கு எட்டல, அரைக் கட்டை எறக்கிக் குடுங்க" என்று இன்னொருவர் வருவார். அந்த நேரத்தில் ப்ராஜெக்ட் திறக்காவிட்டால் போவது காசு மட்டுமில்லை, அந்தக் கமிட்டியே கைவிட்டுப் போகும்.

அதனால் இன்ஸ்டாலுக்கு முன், திரும்பி வர வாய்ப்புள்ள ப்ராஜெக்டுகளைப் பழைய வெர்ஷனிலேயே திறந்து, ஒவ்வொரு ட்ராக்கையும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே நீளத்தில் ஸ்டெமாக எடுங்கள். ப்ளகின் சேர்ந்த வடிவம் ஒன்று, குரலுக்கும் முக்கிய வாத்தியத்துக்கும் ப்ளகின் இல்லாத வடிவம் ஒன்று. மிடி ஃபைலையும் (சத்தம் இல்லாமல், வாசித்த ஸ்வரங்களின் குறிப்பு மட்டும் உள்ளது) தனியாக எடுங்கள். கட்டை மாற்றக் கேட்டால் அதுதான் கைகொடுக்கும். டெம்போ, ஸ்ருதி, பயன்படுத்திய ப்ளகின்களின் பெயர் ஆகியவற்றை ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும்? 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்.பி. ஐந்து நிமிடப் பாட்டில் 40 ட்ராக் என்றால் 1.7 ஜி.பி. வரும், ஸ்டீரியோ ட்ராக்குகள் இருந்தால் அவை இரட்டிப்பு. நூறு பாட்டு ஒரு சாதாரண ஹார்டு டிஸ்கில் அடங்கிவிடும். இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

கூடவே ப்ரிஃபரன்ஸ், ஷார்ட்கட், டெம்ப்ளேட், சொந்த ப்ரீசெட் இருக்கும் ஃபோல்டர்களையும் நகலெடுங்கள். முழு சிஸ்டத்தின் இமேஜ் எடுக்கத் தெரிந்தால் அதுவே மேல்.

படி 8: பக்கத்தில் போட்டுச் சோதித்தல்

க்யூபேஸிலும் எஃப்.எல். ஸ்டூடியோவிலும் பெரிய வெர்ஷன்கள் பழையதன் பக்கத்திலேயே தனியாக உட்காரும். பழையதை அழிக்காதீர்கள். பழையதன் மேலேயே எழுதும் சாஃப்ட்வேர் என்றால், அதன் பழைய இன்ஸ்டாலரைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் இன்ஸ்டால் வைக்க வேண்டாம்.

மூன்று பழைய ப்ராஜெக்டுகளைத் தேர்ந்தெடுங்கள்: ட்ராக் அதிகமுள்ளது ஒன்று, கான்டாக்ட் அதிகமுள்ளது ஒன்று, டெம்போவை இழுத்து நீட்டி ஒட்டிய கிராமிய வாத்தியப் பதிவு ஒன்று. மூன்றையும் நகலெடுத்து, நகலை மட்டும் புதியதில் திறங்கள். மூலத்தைத் திறந்து தெரியாமல் சேவ் அழுத்திவிட்டால் பிறகு பழையதில் திறக்காமல் போகலாம்.

காதால் ஒரு முறை கேட்டபின் கழித்தல் சோதனை செய்யுங்கள். ஒரே பாட்டைப் பழையதிலும் புதியதிலும் பவுன்ஸ் செய்து (ஒரே ஆடியோ ஃபைலாக எடுத்து), இரண்டு ஃபைலையும் ஒரு புதிய ப்ராஜெக்டில் ஒரே இடத்தில் அடுக்கி, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்புங்கள் (ஒலி அலையைத் தலைகீழாக்குங்கள்). இரண்டும் ஒன்றேயானால் சத்தம் முழுதாக மறையும். மிச்சம் கேட்டால், கேட்பது எந்த ட்ராக் என்று தேடுங்கள். இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: கோரஸ், சில ரிவெர்ப், ஒவ்வொரு அடிக்கும் வேறு சாம்பிள் எடுக்கும் தாள லைப்ரரி ஆகியவை ஒரே வெர்ஷனில் இரண்டு முறை பவுன்ஸ் செய்தாலும் முழுதாகக் கழியாது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நீட்டிய வாத்தியப் பதிவில் மிச்சம் வந்தால் மட்டும் கூர்ந்து கேளுங்கள். டைம்-ஸ்ட்ரெட்ச் முறை மாறியிருந்தால் உறுமியின் இழுப்பு குழைந்துபோகும்.

அடுத்தது திணறல் சோதனை. பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் எடுத்துக் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 128-இல் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி செகண்டு. பெரிய ப்ராஜெக்டை இரண்டு வெர்ஷனிலும் ஓட்டி, சி.பி.யு. மீட்டரைப் பாருங்கள். பிறகு ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நீங்களே ஒரு பல்லவி பாடிப் பதியுங்கள். புதியதில் படபடவென்று உடைந்து, பஃபரை 256-க்கு ஏற்றினால்தான் ஓடுகிறது என்றால், பாடகருக்குக் கேட்கும் தாமதம் கூடும். அது உங்கள் ஸ்டூடியோவுக்கு இறக்கம்தான், என்ன புது அம்சம் இருந்தாலும்.

படி 9: எந்த மாதம்?

க்யூபேஸின் 13, 14, 15 மூன்றும் 2023, 2024, 2025 என்று அடுத்தடுத்து நவம்பரில்தான் வந்தன. நமக்கு அது ஐப்பசியும் கார்த்திகையும். ஐயப்பன் பாட்டு வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். அதை முடித்தால் பொங்கல், ஜல்லிக்கட்டுப் பாட்டுகள். பிறகு பங்குனி, சித்திரையில் அழகர் வேலை, வைகாசித் திருவிழாக்கள், ஆடியில் அம்மன். வாங்குவதை நவம்பர் தள்ளுபடியில் முடித்துக்கொள்ளலாம். இன்ஸ்டாலுக்கு ஆடி முடிந்து ஐயப்பன் வேலை தொடங்கும் முன் உள்ள இடைவெளி நல்லது. ஆவணி, புரட்டாசியில் பெரும்பாலான சின்ன ஸ்டூடியோக்களுக்குக் கொஞ்சம் மூச்சு இருக்கும். அதற்குள் முதல் வெளியீட்டின் பிழைகளுக்கும் திருத்தங்கள் வந்துவிடும். கொடுக்க வேண்டிய வேலை பத்து நாளுக்குள் இருந்தால் எந்த மாதமானாலும் தொடாதீர்கள்.

படி 10: வேலையை மாற்றுதல்

பழையதில் தொடங்கிய பாட்டைப் பழையதிலேயே முடியுங்கள். புதியதில் முதலில் அவசரமில்லாத ஒன்றை, முடிந்தால் உங்கள் சொந்தப் பாட்டை, குரல் பதிவிலிருந்து கடைசி மாஸ்டர் வரை ஒரு முறை கொண்டுபோங்கள். அது தடங்கலின்றி முடிந்தபின் வெளியாரின் வேலையைத் தொடங்கலாம். ஃபோல்டர் பெயரிலேயே வெர்ஷன் எண்ணைச் சேர்த்து எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடும்போது எதில் திறப்பது என்று தடுமாற வேண்டாம்.

நடுவில் சரிப்படவில்லை என்றால் திரும்பி வரலாம். ஓடுகிற பாட்டை ஸ்டெமாகவும் மிடியாகவும் எடுத்து, பழைய வெர்ஷனில் அதே டெம்போவில் புது ப்ராஜெக்ட் திறந்து அடுக்கினால் ஒரு மாலையில் முடிந்துவிடும். பழைய வெர்ஷனையும், அது நம்பியிருந்த ப்ளகின்களின் பழைய இன்ஸ்டாலர்களையும் குறைந்தது ஒரு முழுத் திருவிழாச் சுற்று, அதாவது ஒரு சித்திரையிலிருந்து அடுத்த சித்திரை வரை, அழிக்காமல் வையுங்கள். கம்பெனித் தளங்களில் பழைய இன்ஸ்டாலர் எப்போதும் கிடைத்துக்கொண்டிருக்கும் என்று நம்ப முடியாது. டவுன்லோடு செய்த நாளிலேயே ஸ்டெம் இருக்கும் அதே ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் போட்டுவிடுங்கள்.